பாங்க் கடன் கொடுக்காத ஒரு தொழில்

நம்ம வீட்டுப் பையனோ பொண்ணோ ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, நான் டாக்குமெண்டரி எடுக்கப் போறேன்"னு சொன்னா என்ன நடக்கும்? அம்மா தட்டுல இன்னொரு தோசையைப் போட்டுட்டு, "முதல்ல டிகிரியை முடி, அப்புறம் பார்க்கலாம்"பாங்க. அப்பா, "அதுல மாசம் எவ்வளவு வரும்?"னு கேட்பார். சினிமா டைரக்டர் ஆகறேன்னு சொன்னாக்கூட நம்ம ஜனங்க ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. மணிரத்னம், ஷங்கர்னு சொல்றதுக்குப் பேர் இருக்கு. டாக்குமெண்டரின்னா நம்ம வயசுக்காரங்களுக்கு ஞாபகம் வர்றது, தியேட்டர்ல மெயின் படத்துக்கு முன்னாடி ஓடுமே, அந்த ஃபிலிம்ஸ் டிவிஷன் ரீல்தான். வெள்ள நிவாரணம், அணை திறப்பு, மந்திரி ரிப்பன் வெட்டறது. அது ஓடற நேரத்துலதான் நாம பாப்கார்ன் வாங்கப் போவோம்.

அந்த அப்பா கேட்கற கேள்வியை நான் கிண்டல் பண்ணப் போறதில்லை. பாங்க்ல வேலை பார்க்கறவன், தினமும் கேட்கற கேள்வியே அதுதான். ஆனா அந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் தேடிப் போனா, அது கடைசியில நம்ம பக்கமே திரும்புது. எப்படின்னு சொல்றேன்.

எடுத்துக்காட்டுக்கு ஆனந்த் பட்வர்தன். 1950ல பம்பாயில பிறந்தவர். கிட்டத்தட்ட 50 வருஷமா டாக்குமெண்டரி மட்டும்தான் எடுக்கறார். நடுவுல ஃபீச்சர் படம், விளம்பரப் படம்னு தாவலை. தயாரிப்பாளர், டைரக்டர், எடிட்டர், பல சமயம் கேமராமேன், எல்லாம் அவரேதான். இவரோட வாழ்க்கையை ஒரு லோன் அப்ளிகேஷன் மாதிரி வெச்சுப் பார்ப்போம்.

முதல் படம் ஜே.பி. இயக்கம் பத்தினது. 1974ல பீகார்ல ஜெயப்பிரகாஷ் நாராயண் பின்னாடி மாணவர்கள் திரண்டப்போ, சூப்பர் 8 கேமராவுல ஷூட் பண்ணி, அதைத் திரையில ஓட்டி, அந்தத் திரையை மறுபடி 16 எம்.எம்.ல படம் பிடிச்சு ஒப்பேத்தினது. கைல காசு இல்லாதவன் செய்யற வேலை. படம் முடிஞ்ச நேரத்துல, 1975 ஜூன்ல எமர்ஜென்சி வந்துடுச்சு. பிரிண்டைத் துண்டு துண்டா வெட்டி, ஆள் ஆளுக்குக் கொடுத்து வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே ஒட்டிக் காட்டினாங்க. இந்த ப்ராஜெக்டுக்கு ஒரு மேனேஜர் கடன் சாங்ஷன் பண்ணியிருந்தா, அவர் கதி என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க :)

அடுத்தது எமர்ஜென்சி கைதிகள் பத்தின படம், 1978. கனடாவுல படிக்கப் போன இடத்துல, பிரிட்டிஷ் கொலம்பியாவுல பண்ணைக்கூலிகளா இருந்த நம்ம ஊர்க்காரங்க சங்கம் சேர்ந்த கதை, 1981. பம்பாய்க் குடிசைவாசிகள் பத்தின 'ஹமாரா ஷஹர்', 1985. அயோத்தி பத்தின 'ராம் கே நாம்', 1992. போக்ரான் சோதனைக்கு அப்புறம் இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கான்னு சுத்தி எடுத்த 'ஜங் ஔர் அமன்', 2002. 'ஜெய் பீம் காம்ரேட்', 2011. 'விவேக்', 2018. தன்னோட அப்பா அம்மாவைப் பத்தி எடுத்த 'வசுதைவ குடும்பகம்', 2023. இடையில இன்னும் சில இருக்கு.

இதுல 'ஜெய் பீம் காம்ரேட்' கணக்கை மட்டும் தனியா சொல்லணும். 1997 ஜூலை 11ஆம் தேதி, காட்கோபர் ரமாபாய் நகர்ல அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்ததை எதிர்த்து ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. போலீஸ் சுட்டதுல 10 பேர் செத்தாங்க. அந்த துக்கம் தாங்காம விலாஸ் கோக்ரேங்கற தலித் பாடகர் சில நாள்ல தூக்குப் போட்டுக்கிட்டார். இந்த விலாஸ் கோக்ரே, 'ஹமாரா ஷஹர்' படத்துல பாடினவர். அவர் ஏன் செத்தார்ங்கற கேள்வியோட பட்வர்தன் கேமராவை எடுத்தார். படம் வெளியே வர 14 வருஷம் ஆச்சு. மூணு மணி நேரத்துக்கு மேல ஓடற படம்.

14 வருஷம்! எங்க தொழில்ல 90 நாள் தவணை வரலைன்னா அந்தக் கணக்கு வாராக்கடன். சினிமாவுக்கே 1998ல மத்திய அரசு தொழில் அந்தஸ்து அறிவிச்ச அப்புறம்தான் முறையான கடன் கதவு கொஞ்சம் திறந்தது. அதுலயும் ஹீரோ யாரு, தியேட்டர் உரிமை என்ன விலை, ஆடியோ, சாட்டிலைட் எவ்வளவுன்னு பார்ப்பாங்க. டாக்குமெண்டரிக்கு இதுல எதுவும் கிடையாது. அடமானம் வெக்க ஒண்ணும் இல்லை. எப்போ முடியும்னு தெரியாது. முடிஞ்சா யார் வாங்குவாங்கன்னு தெரியாது. வாங்கினாலும் சர்டிபிகேட் கிடைக்குமான்னு தெரியாது. இந்த ஃபைலை என் மேஜைல வெச்சா நானும் கையெழுத்துப் போடமாட்டேன். போடவும் கூடாது, அது டெபாசிட் போட்ட ஜனங்க பணம்.

சரி, பாங்க் வேண்டாம். அரசாங்கம்? இங்கேதான் வேடிக்கை. 'ஹமாரா ஷஹர்' படத்துக்கு தேசிய விருது. 'ராம் கே நாம்' படத்துக்கு தேசிய விருது. 'ஜங் ஔர் அமன்' படத்துக்கு தேசிய விருது. விருது கொடுக்கறது மத்திய அரசு. அதே அரசாங்கத்தோட தூர்தர்ஷன், இந்தப் படங்களைக் காட்ட மாட்டேன்னு சொல்லும். ஒரு கை மாலை போடும், இன்னொரு கை கதவைச் சாத்தும். ஒவ்வொரு தடவையும் மனுஷன் கோர்ட்டுக்குப் போவார். வருஷக்கணக்கா நடக்கும். ஜெயிப்பார். அப்புறம் டிவியில வரும். மதவெறிக்கும் ஆம்பளைத்தனத்துக்கும் இருக்கற தொடர்பைப் பத்தி 1990களின் நடுவுல எடுத்த 'பித்ரு, புத்ர ஔர் தர்மயுத்த' படத்துக்கு இந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2006 ஆகஸ்டுலதான் ஒளிபரப்பணும்னு தீர்ப்பு வந்தது. 10 வருஷத்துக்கு மேல.

'ஜங் ஔர் அமன்' படத்துக்கு தணிக்கை வாரியம் 21 இடத்துல வெட்டச் சொன்னது. ஒரு இடத்துலகூட வெட்ட மாட்டேன்னு பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போய், 2003ல வெட்டே இல்லாம சர்டிபிகேட் வாங்கினார். இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சர்டிபிகேட்டே வேண்டாம்னு திருட்டுத்தனமா காட்டிட்டுப் போற ஆள் இல்லை இவர். சர்டிபிகேட் வாங்கியே தீருவேன்னு நிக்கற ஆள். அந்தக் காகிதம் கைல இருந்தா, ஒரு காலேஜ்லயோ சால்லயோ படம் போடும்போது யாராவது வந்து நிறுத்தச் சொன்னா எடுத்துக் காட்டலாம் இல்லையா. காகிதத்தோட மதிப்பு தெரிஞ்ச மனுஷன்னு எங்க பாஷையில மெச்சலாம்.

காகிதம் இருந்தாலும் எல்லா இடத்துலயும் செல்லாதுங்கறது வேற விஷயம். 2024 ஜனவரியில ஹைதராபாத்ல ஒரு ரெஸ்டாரண்டுல 'ராம் கே நாம்' போட்டாங்க. போலீஸ் வந்து நிறுத்தி, ஏற்பாடு பண்ணவங்களைக் கூட்டிட்டுப் போனது. 30 வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படம்! நம்ம ஊர்ல எந்த சூப்பர் ஹிட் படத்துக்கு 30 வருஷம் கழிச்சு இந்த உயிர் இருக்கு?

இதெல்லாம் வெளியூர்ல குப்பை கொட்டற தமிழ்க் குடும்பங்களுக்கு எதுக்குன்னு நீங்க கேட்கலாம். அதுக்குத்தான் 'ஹமாரா ஷஹர்'. 1981 ஜூலையில அந்துலே முதலமைச்சரா இருந்தப்போ, பம்பாய் பிளாட்பாரத்துல இருக்கறவங்களை எல்லாம் பிடிச்சு அவங்கவங்க ஊருக்கே அனுப்பறதுன்னு முடிவு பண்ணாங்க. அதை எதிர்த்துப் போட்ட வழக்குதான் சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஓல்கா டெல்லிஸ் வழக்கு. 1985ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அதுல மனு போட்டவங்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? சேலத்துலேர்ந்து 1961ல பிழைப்பு தேடி பம்பாய் வந்த நிலமில்லாத கூலிக்காரர். ஜூலை 23ஆம் தேதி அவர் குடிசையை இடிச்சு, குடும்பத்தோட சேலம் பஸ்ல ஏத்தி விட்டுட்டாங்க. பொண்டாட்டியும் பொண்ணுங்களும் சேலத்துல தங்கிட்டாங்க. இவர் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே வந்து, மறுபடி ஒரு பிளாட்பாரக் குடிசையில ஒண்டிக்கிட்டார். இது தீர்ப்புலயே இருக்கு.

அவரும் நாமும் ஒரே காரணத்துக்காகத்தான் ஊரை விட்டு வந்தோம். நமக்கு அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் இருந்தது, அவருக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். 'ஹமாரா ஷஹர்' அந்த வழக்கு நடந்த காலத்து பம்பாயைப் பத்தின படம். புல்டோசர் வர்றதும், அடுத்த நாளே அதே இடத்துல கம்பு நட்டு சாக்கு கட்டறதும் அதுல இருக்கு. இன்னொரு பக்கம் பெரிய மனுஷங்க, 'நகரம் அழுக்காகுது'ன்னு கவலைப்படறதும் இருக்கு. நல்ல இங்கிலீஷ்ல அந்தக் கவலையைக் கேட்கும்போது, நம்ம அபார்ட்மெண்ட் சொசைட்டி மீட்டிங் ஞாபகம் வராம இருக்காது. தீர்ப்பு லைப்ரரியில இருக்கு, வக்கீல்கள் படிப்பாங்க. அந்த ஜனங்களோட முகமும் குரலும் எங்கே இருக்குன்னா, இந்த மாதிரிப் படத்துலதான்.

அந்தப் படத்துலயே ஒரு அம்மா டைரக்டரைத் திட்டற இடம் ஒண்ணு வரும். எங்களைப் படம் பிடிச்சு நீங்க பேர் வாங்கிப்பீங்க, எங்களுக்கு என்ன கிடைக்கும்ங்கற அர்த்தத்துல கேட்பாங்க. பட்வர்தன் அதை வெட்டித் தூக்கிப் போடலை. படத்துலயே வெச்சிருக்கார். தணிக்கை வாரியம் வெட்டச் சொல்றதை மறுக்கறது ஒரு நேர்மைன்னா, தன்னைத் திட்டினதைத் தானே வெட்டாம விடறது அதைவிடப் பெரிய நேர்மைன்னு எனக்குப் படுது. அந்தக் கேள்விக்கு அவர் வாயால பதில் சொல்லலை. 1986ல நரிமன் பாயிண்ட் பக்கம் சஞ்சய் காந்தி நகர் குடிசைகளை இடிச்சப்போ, ஷபானா ஆஸ்மியோட சேர்ந்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கடைசியில அந்த ஜனங்களுக்கு கோரேகான் பக்கம் மாற்று இடம் கிடைச்சது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். ரெண்டு இருக்கு.

ஒண்ணு, 'இவர் ஒருதலைப்பட்சமானவர், இடதுசாரி.' ஆமா, அவருக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, அதை அவர் மறைக்கறதும் இல்லை. எனக்கே அணுகுண்டு விஷயத்துல அவரோட முழு உடன்பாடு கிடையாது. ஆனா 'ராம் கே நாம்' பாருங்க. கரசேவைக்குப் போறவங்க அவங்க வாயாலயே பேசறாங்க. அதே படத்துல, கோர்ட் நியமிச்ச பூசாரி லால்தாஸும் பேசறார், அந்த அரசியலை எதிர்த்து. ரெண்டு பேரையும் கேட்டுட்டு நாம முடிவு பண்ணலாம். லால்தாஸை 1993ல சுட்டுக் கொன்னுட்டாங்க. அவர் பேசினது அந்தப் படத்துல இருக்கறதாலதான் இன்னிக்கும் நம்ம காதுல விழுது. பிடிக்கலைன்னா எதிர்த்து ஒரு படம் எடுங்க, கட்டுரை எழுதுங்க. காட்டவே கூடாதுங்கறதுதான் தப்பு.

ரெண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. 'அவருக்கென்ன, வசதியான குடும்பம், அவரால முடிஞ்சது.' இதுல உண்மை இருக்கு. சுதந்திரப் போராட்டக் குடும்பம். பெரியப்பா சித்தப்பா வரிசையில இருந்த ராவ் பட்வர்தனும் அச்யுத் பட்வர்தனும் அந்தக் காலத்துத் தலைவர்கள். அச்யுத் 1942ல தலைமறைவா இருந்து இயக்கம் நடத்தினவர். அம்மா சாந்திநிகேதன்ல படிச்ச பீங்கான் கலைஞர். இவர் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் படிச்சவர். பாலன்ஸ் ஷீட்டுல வராத மூலதனம்னு ஒண்ணு உண்டு. தலைக்கு மேல கூரை, நல்ல இங்கிலீஷ், கோர்ட்ல வாதாடத் தெரிஞ்ச நண்பர்கள், அடுத்த மாச வாடகைக்காகப் பயப்பட வேண்டாத மனசு. இதெல்லாம் சேர்ந்ததுதான் அது.

அதனால ஒரு கூலிக்காரர் வீட்டுப் பையன்கிட்ட, 'பட்வர்தனைப் பாரு, அவர் மாதிரி 14 வருஷம் ஒரே படத்தை எடு'ன்னு சொல்றது அநியாயம். தியாகம் பண்ணுன்னு சொல்றது சுலபம், அடுத்தவன் வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்றது இன்னும் சுலபம். ஆனா இதையே திருப்பிப் பாருங்க. வசதி இருக்கறவங்க மட்டும்தான் இந்தத் தொழிலுக்கு வர முடியும்னா, வசதி இல்லாதவங்க கதையை எப்பவும் வெளியாள்தான் எடுத்துட்டு இருப்பார். அந்த அம்மா திட்டினது திட்டினபடியே இருக்கும்.

நம்ம ஊர்லயும் ஆள் இல்லாம இல்லை. மதுரையில ஆர்.பி. அமுதன், கைல மலம் அள்ளற ஒரு அம்மாவோட காலை நேரத்தை 'பீ'ன்னு 2003ல படமா எடுத்தார். 1998லேர்ந்து மதுரையில டாக்குமெண்டரி விழாவும் நடத்திட்டு வர்றார். திவ்யபாரதி 2017ல 'கக்கூஸ்' எடுத்தார், அதுக்கப்புறம் போலீஸ் வழக்கு, மிரட்டல்னு பட்டது கொஞ்சமில்லை. பாண்டிபஜார்ல போற 10 பேரை நிறுத்திக் கேட்டா எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்?

'இப்பதான் நெட்ஃபிளிக்ஸ் இருக்கே, முதுமலை யானைப் படத்துக்கு ஆஸ்கரே வந்துச்சே'ம்பீங்க. வந்தது, 2023ல, எனக்கும் சந்தோஷம். ஆனா பெரிய கம்பெனி காசு போட்டா எந்த விஷயத்துக்குப் போடணும்னு அதுதான் தீர்மானிக்கும். யானைக்குட்டிக்குக் கிடைக்கற இடம் சாக்கடைக்குள்ள இறங்கறவனுக்குக் கிடைக்குமா? பட்வர்தனோட 'விவேக்' 2018ல ஆம்ஸ்டர்டாம் விழாவுல முதல் பரிசு வாங்கின படம். அதை 2019 தேர்தல் சமயத்துல யூட்யூப்ல பகுதி பகுதியாப் போட வேண்டியிருந்தது. அதே வருஷம் கேரளாவுல நடந்த விழாவுல காட்டறதுக்கு மத்திய அமைச்சகம் அனுமதி கொடுக்காம, ஹைகோர்ட் சொல்லித்தான் காட்டினாங்க.

ஆகமொத்தம் பாங்க் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. அரசாங்கம் விருது கொடுக்கும், திரை கொடுக்காது. கம்பெனி கொடுத்தா கம்பெனிக்குப் பிடிச்சதுதான் வரும். அப்போ 'சுதந்திர'ப் படம்ங்கற வார்த்தைக்கு யார் பில் கட்டறது? பாக்கி இருக்கறது ஒருத்தர்தான். பார்க்கறவங்க. அதாவது நாம.

இது நடக்காத காரியம் இல்லை. 2004 மும்பை டாக்குமெண்டரி விழாவுக்கு இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்று வேணும்னு ஒரு விதி போட்டாங்க. டைரக்டர்கள் கூடி எதிர்த்ததுல விதி வாபஸ் ஆச்சு, ஆனா பல அரசியல் படங்களை விழாவுல சேர்க்கலை. அவங்க என்ன பண்ணாங்க? பக்கத்துலயே ஒரு ஹாலைப் பிடிச்சு, 'விகல்ப்'னு தனி விழா நடத்திட்டாங்க. குஜராத் கலவரம் பத்தி ராகேஷ் சர்மா எடுத்த 'ஃபைனல் சொல்யூஷன்' அங்கேதான் ஓடினது. ஜனங்க வந்து பார்த்தாங்க. ஒரு ஹால், ஒரு ப்ரொஜெக்டர், நாற்காலி, அவ்வளவுதான் செலவு.

நம்மகிட்ட இது எல்லாமே இருக்கு. நாலு தமிழன் இருக்கற ஊர்ல எல்லாம் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கு. ஹால் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு, வருஷ சந்தா இருக்கு. பொங்கலுக்கு மெல்லிசை, சித்திரைக்குப் பட்டிமன்றம், நடுவுல ஒரு டிவி காமெடியன். வர்றவருக்கு விமான டிக்கெட், ரூம், சால்வை, கவர். தப்பே இல்லை, நானும் முன்வரிசையில உட்கார்ந்து சிரிக்கறவன்தான். வருஷத்துல ஒரே ஒரு சாயங்காலம், ஒரு டாக்குமெண்டரி டைரக்டரைக் கூப்பிட்டு, சர்டிபிகேட் உள்ள அவர் படம் ஒண்ணைப் போட்டு, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, அந்தக் காமெடியனுக்குக் கொடுக்கறதுல பாதியையாவது கவர்ல வெச்சுக் கொடுக்கலாமே? ஓசியில கேட்காதீங்க. 'உங்க படத்தைப் போட்டுக் காட்டறோம், உங்களுக்கு விளம்பரம்தானே'ன்னு சொல்லாதீங்க. கச்சேரிக்காரர்கிட்ட அப்படிச் சொல்வோமா? 20 ஊர்ச் சங்கம் இப்படிச் செஞ்சா, ஒருத்தர் அடுத்த படத்துக்கு ஊர் ஊராப் போற செலவு அதுலயே வந்துடும்.

அப்புறம், வீட்டுல அந்தக் கேள்வி வந்தா என்ன சொல்றது? 'கூடாது'ன்னு சொல்ல வேண்டாம்னு நினைக்கறேன். 'சரி, போ'ன்னு கண்ணை மூடிட்டும் சொல்ல வேண்டாம். உட்கார வெச்சு மூணு கேள்வி கேளுங்க. முதல் அஞ்சு வருஷம் சோத்துக்கு என்ன வழி? எடிட்டிங், கேமரா, வகுப்பு எடுக்கறதுன்னு கூடவே ஒரு வருமானம் வேணும். படத்தோட உரிமை யார்கிட்ட இருக்கும்? காசுக்காக அதை எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் சுதந்திரம்ங்கற பேச்சுக்கே இடமில்லை. யாரோட கதையை எடுக்கறே, படம் முடிஞ்ச அப்புறமும் அவங்க முகத்துல முழிக்க முடியுமா? இந்த மூணுக்கும் பதில் வெச்சிருந்தா, அந்தப் பிள்ளை நம்மளைவிட நல்லா யோசிச்சிருக்குன்னு அர்த்தம்.

உங்க ஊர்ச் சங்கத்துல இந்த மாதிரி திரையிடல் ஏற்கனவே நடந்திருந்தா, எவ்வளவு செலவாச்சு, எத்தனை பேர் வந்தாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. அடுத்த கமிட்டி மீட்டிங்ல பேசறதுக்கு எனக்குக் கணக்கு வேணும். எங்க பொருளாளரும் ரிட்டயர்டு பாங்க்காரர், கணக்கு இல்லாம ஒத்துக்க மாட்டார்.